குடும்பத்தில் ஒருத்தியின் ஜப்பான் பயணம்

மாக்கிரட் பத்தொன்பது வருடமாக ஒரே முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முதுகுக்குச் சொந்தக்காரி சின்யோரா இக்னாத்சியா. வயது எண்பத்து நாலு. இத்தாலியின் பலேர்மோவில், பொலித்தியாமா நாடகசாலைக்குப் பின்பக்கம், நாலாம் மாடியில் குடியிருப்பவள். அந்த முதுகில் எங்கே மச்சம், எங்கே கை பட்டால் கிழவி திட்டுவாள், எங்கே பட்டால் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருப்பாள் என்பதெல்லாம் மாக்கிரட்டுக்கு மனப்பாடம். தன் முதுகைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தெரியாது. அது பின்னால் இருக்கிறது, வேலை முடியும் நேரம் நோகும், புருசன் றோபேட்டுக்கு மனம் வந்தால் கொஞ்சம் சித்தாலேபத் தைலம் பூசிவிடுவான். அவ்வளவுதான்.

மன்னாரிலிருந்து வந்து இருபத்து நாலு வருடம். அதே நகரில் போர்கோ வெக்கியோப் பகுதியில் இரண்டு அறை வீடு. காலை ஏழரைக்குச் சந்தையின் மீன்பெட்டிகளைத் தாண்டி நடந்தால் பத்து நிமிடத்தில் கிழவி வீட்டு மணியை அடிக்கலாம்.

'குடும்பத்தில் ஒருத்தி' என்ற பட்டம் அவளுக்கு எப்போது கிடைத்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது எப்போதெல்லாம் வெளியே வரும் என்று சொல்லலாம். நத்தார்ப் பண்டிகைக்குப் பதினெட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள், சமைக்க ஆள் இல்லை என்றால் மாக்கிரட் குடும்பத்தில் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் கிழவியோடு இருக்கவேண்டும் என்றால் குடும்பத்தில் ஒருத்தி. கடற்கரை வீட்டில் ஆறு அறை இருந்தும் மாக்கிரட்டுக்குச் சமையலறைப் பக்கம் மடக்குக் கட்டில்தான் என்றால், அப்போதும் குடும்பத்தில் ஒருத்தி. குடும்பத்துக்குள் என்ன வெட்கம்!

இதைச் சொல்கிறவள் கிழவி அல்ல. கிழவிக்கு அப்படி இனிக்க இனிக்கப் பேச வராது. "தண்ணீர் கொதிக்கிறது, என்னைக் கோழி என்றா நினைத்தாய்?" என்பதுதான் அவளுடைய செல்லம். சொல்கிறவள் கிழவியின் ஒரே மகள் நின்ஃபா. ஐம்பத்தெட்டு வயது, பத்து விரலில் ஏழு மோதிரம், பல் வைத்தியர் கஸ்பாரேயின் மனைவி. தாய் என்றால் அவளுக்கு உயிர். தினமும் ஒருமுறை வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், தாயின் நெற்றியில் முத்தமிட்டு, "அம்மா, எவ்வளவு வாசமாக இருக்கிறாய்!" என்று சொல்லிவிட்டுப் போவாள். வாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் அந்த நின்ஃபா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மாக்கிரட் கைத்துடைப்பானோடு வந்து நின்றாள்.

விசயம் இதுதான். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஊற்று நல்லது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே ஒக்டோபரில் எல்லோரும் ஜப்பானுக்குப் போகிறார்கள். ஹக்கோனே என்று மலைநாடு ஒன்று. வெந்நீர் ஊற்று, நூதனசாலை, புகை கக்கும் எரிமலை எல்லாம் ஒரே இடத்தில். பலேர்மோவிலிருந்து அரை மணித்தியால ரயிலில் தெர்மினி இமெரேசே இருக்கிறது, அங்கேயும் பூமிக்குள்ளிருந்து வெந்நீர்தான் வருகிறது. எரிமலை வேண்டுமென்றால் மூன்று மணித்தியாலத்தில் எத்னா. ஆனால் தெர்மினிக்குப் போய்வந்து யாரிடம் படம் காட்டுவது?

"நீயும் வருகிறாய், மார்கெரித்தா," என்றாள் நின்ஃபா, மாக்கிரட்டை அந்த வீட்டார் கூப்பிடும் பெயரால். "வேலைக்காக அல்ல. நீ குடும்பத்தில் ஒருத்தி."

மாக்கிரட் கைத்துடைப்பானை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். அவளுக்கு ஒரே ஒரு கவலை. மகள் றம்யா வடக்கே பொலோஞ்ஞாவில் இருக்கிறாள், தலைப்பிள்ளை, நவம்பர் நடுவில் நாள். பிள்ளைப்பேறு பார்க்க, இலை அவித்துச் சுடுதண்ணி வார்க்க, காயச்சரக்கு அரைத்துக் கொடுக்க மாக்கிரட் வருவதாய்ச் சொல்லியாகிவிட்டது. றம்யாவின் மாமி உயிரோடு இல்லை, மருமகன் இரவு பகல் முறை மாறி வேலை செய்கிறவன். மாக்கிரட் போகாவிட்டால் வேறு ஆளில்லை. அதற்காக அந்த வருடத்து லீவு இரண்டு கிழமையையும் ஒரு நாள்கூடத் தொடாமல் வைத்திருந்தாள்.

"சின்யோரா நின்ஃபா, என்னுடைய லீவு..."

நின்ஃபா மோதிரக் கையை நெஞ்சில் வைத்தாள். "லீவு வேறு, இது வேறு. மகளுக்குப் பிள்ளை பிறக்கிறதென்றால் நான் தடுப்பேனா? நானும் ஒரு தாய்!"

நெஞ்சில் கை வைத்துச் சொன்ன வார்த்தை. மாக்கிரட் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம்! பத்தொன்பது வருடத்தில், கடற்கரை வீட்டை விட்டால், அந்தக் குடும்பம் அவளைக் கூட்டிப்போன ஆகத் தூரமான இடம் எலும்பு வைத்தியசாலை.

றோபேட் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். கோப்பைக்காரர்களுக்கு மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருப்பதில்லை.

"குடும்பமாம்! அப்ப உயிலிலை உம்மடை பேரும் இருக்கோ?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எப்பவும் நக்கல். அதுகள் மனசார ஆசையாக் கேட்டதுகள்."

"ஓம், ஓம். கிழவியின்ரை சில்லுக் கதிரையை ஆர் தள்ளுறதெண்டும் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக பல்லாறோ சந்தையில் சில்லு வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கினாள். கோயில் பங்கில் கத்தரீனாவிடம் மட்டும் இரகசியமாய்ச் சொன்னாள். கத்தரீனாவிடம் சொன்னால் அடுத்த பூசைக்குள் பலேர்மோத் தமிழர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். மாக்கிரட் அவளைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். "முதலாளி குடும்பத்தோடை, குடும்பமா, ஜப்பானுக்கு" என்று செய்தி பரவியது. சிலர் வாழ்த்தினார்கள், சிலருக்கு வயிறு எரிந்தது. இரண்டும் மாக்கிரட்டுக்குச் சந்தோசம்.

குடியுரிமைச் சத்தியம் செய்து வாங்கிய இத்தாலியப் பாஸ்போட் ஒரு முத்திரையும் விழாமல் அலுமாரிக்குள் கிடந்தது. அதற்கும் விடிந்தது.

ஹக்கோனேயில் முதல்நாள் நூதனசாலை. அது கூரை இல்லாத நூதனசாலை. மலைச்சரிவு முழுக்கப் புல், புல்லின் மேல் சிலைகள். பார்க்க அழகாய்த்தான் இருந்தது, அதை இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் சில்லுக் கதிரையைத் தள்ளுகிறவளுக்கு மலைச்சரிவு என்பது ஏற்றமும் இறக்கமும்தான். நின்ஃபா முன்னால் போய், ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் தலையைச் சரித்து, "என்ன ஒரு சுதந்திரம்!" என்று பெருமூச்சு விட்டாள். மாக்கிரட்டும் பெருமூச்சு விட்டாள், ஏற்றத்தில்.

வெண்கலத்தில் பெரிய பெண் ஒருத்தி உடுப்பில்லாமல் சரிந்து படுத்திருந்தாள். கிழவி கதிரையை நிறுத்தச் சொல்லி அவளை நன்றாய்ப் பார்த்தாள்.

"இவளுக்கும் எழும்ப முடியவில்லை போல. இவளைக் குளிப்பாட்ட யார் வருகிறார்கள்?" என்றாள்.

மாக்கிரட் சிரித்துவிட்டாள். நின்ஃபா சிரிக்கவில்லை. கலை என்றால் அவளுக்குச் சிரிப்பு வராது.

நூதனசாலைக்குள்ளேயே கால் நனைக்க வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. எல்லோரும் வரிசையாய் உட்கார்ந்து காலை விட்டார்கள். மாக்கிரட் முழங்காலில் நின்று கிழவியின் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, காலைத் தண்ணீருக்குள் வைத்து, பிறகு எடுத்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, மறுபடி காலுறை போட்டாள். தன் சப்பாத்துக் கயிற்றில் அவள் கை வைத்தபோது கஸ்பாரே மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்துப் போகவிருந்த கண்ணாடி நூதனசாலை ஐந்துக்கு மூடிவிடுமாம். மாக்கிரட் கயிற்றை மறுபடி இறுக்கினாள்.

படம் எடுப்பதில் மட்டும் அவளை ஒருவரும் மறக்கவில்லை. "மார்கெரித்தா, எங்கள் எல்லோரையும் ஒன்றாய் எடு!" என்று கஸ்பாரே போனை நீட்டுவார். எல்லோரும் என்றால் மூன்று பேர்.

இரண்டாம் நாள் எரிமலை. கம்பியில் தொங்கும் பெட்டிக்குள் ஏறிப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். கீழே மலை வெடித்து மஞ்சளும் சாம்பலுமாய்க் கிடந்தது. வெடிப்புகளிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. மாக்கிரட் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. பயத்தில் செபமாலையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. பூமி உயிரோடு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. இதைப் பார்க்கவென்றாலும் வந்தது நல்லது என்று மனதாரச் சந்தோசப்பட்டாள்.

"இதற்கா இவ்வளவு தூரம்?" என்றாள் கிழவி. "எத்னாவுக்கு என்ன குறை?"

"அம்மா, நீ எத்னாவுக்குப் போனதே இல்லையே!"

"போகாமலே தெரியும்."

இறங்கியவுடன் கந்தக நாற்றம் முகத்தில் அடித்தது. நின்ஃபா இரண்டு கையையும் விரித்து, பூமியின் சக்தியை மூச்சில் இழுத்தாள். பத்தொன்பது வருடமாய்க் கிழவியின் கழிவறையைக் கழுவுகிற மாக்கிரட்டுக்கு அந்தச் சக்தி நல்ல பழக்கம்.

அங்கே முட்டை விற்கிறார்கள். ஊற்றுத் தண்ணீரில் அவித்து ஓடு கறுத்த முட்டை. ஒன்று சாப்பிட்டால் ஆயுள் ஏழு வருடம் கூடும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. பொட்டலத்தில் நாலு முட்டை இருந்தது. மனிதரும் நாலு பேர்தான். கணக்கு இவ்வளவு சுகமாய் வந்ததே என்று மாக்கிரட் மனதுக்குள் மகிழ்ந்து கையைத் துடைத்துக்கொண்டாள். நின்ஃபா ஒன்று எடுத்தாள். கஸ்பாரே ஒன்று எடுத்தார். மற்ற இரண்டும் அம்மாவுக்கு.

"நீ நல்ல பலசாலி, மார்கெரித்தா. உனக்கு எதற்கு?" என்று நின்ஃபா சிரித்துக்கொண்டே இரண்டையும் மாக்கிரட்டிடம் கொடுத்தாள், ஓடு உரிக்க.

மாக்கிரட் உரித்தாள். உரிக்க உரிக்கக் கணக்குப் பார்த்தாள். எண்பத்து நாலும் பதினாலும் தொண்ணூற்றெட்டு. அதாவது இன்னும் பதினாலு வருடம் இந்த முதுகு. அப்போது தனக்கு எழுபது. ஆயுள் கூடப்போகிறவளுக்கு முட்டை, ஆயுள் முழுக்கத் தேய்க்கப்போகிறவளுக்கு ஓடு. கைப்பையில் செபமாலைக்குப் பக்கத்தில் ஓட்டுத்துண்டு ஒன்றை ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கோபத்தில்தான் இருக்கவேண்டும்.

அன்று பின்னேரம் விடுதியில் வெந்நீர்க் குளியல். நின்ஃபாவுக்கும் கஸ்பாரேக்கும் அறை மாடத்திலேயே தனித்தொட்டி இருந்தது. "அம்மாவை நீ பெண்கள் குளியலுக்குக் கூட்டிப்போ. நீயும் நன்றாக அனுபவி!" என்று சொல்லி நின்ஃபா கதவைச் சாத்தினாள்.

மாக்கிரட் ஆயத்தமாய்த்தான் வந்திருந்தாள். ஊரில் கிணற்றடியில் கட்டுவதுபோல நல்ல தடித்த சீலைத்துண்டை நெஞ்சுக்கு மேல் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு, கிழவியைத் தாங்கிப்பிடித்தபடி உள்ளே நுழைந்தாள். வாசலில் நின்ற விடுதிப்பெண் குனிந்து வணங்கி, சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். துணி கூடாது. ஒரு நூல்கூடக் கூடாது.

ஐயோ ஆண்டவரே! இத்தனை வருடமாய் இன்னொருத்தியின் உடம்பை அங்குலம் அங்குலமாய்க் கழுவியவள், தானும் உடுப்பைக் கழற்றவேண்டிவரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. வெளிச்சத்தில் றோபேட்கூடப் பார்க்காத உடம்பு அது. உள்ளே எட்டுப் பத்துப் பெண்கள் பிறந்தமேனியாய்ப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கழற்று, கழற்று," என்றாள் கிழவி. "நான் உனக்குக் காட்டாதது ஏதாவது உண்டா? இன்றைக்கு நீ காட்டு."

மாக்கிரட் சுவரைப் பார்த்துக்கொண்டு கழற்றினாள்.

தொட்டிக்குள் இறங்கமுன் ஒவ்வொருவரும் சின்ன முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் குளிக்கவேண்டும். கிழவியை உட்காரவைத்துத் தலை, காது, கழுத்து, முதுகு, கால்விரல் எல்லாம் முறைப்படி முடித்து, தொட்டி விளிம்பில் பத்திரமாய் இறக்கிவிட்டாள். இனித் தான் குளிக்கவேண்டும். பக்கத்து முக்காலியில் எண்பது வயது மதிக்கத்தக்க ஜப்பான்காரி ஒருத்தி தனியாய் உட்கார்ந்து, சின்னத் துவாயை முதுகுக்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தாள். தோள் வளையவில்லை. துவாய் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது மாக்கிரட்டின் மூளைக்குத் தெரியாமல் நடந்தது. கை போய்த் துவாயை எடுத்தது. சவர்க்காரம் போட்டது. ஒரு கையால் தோளைப் பிடித்து மறுகையால் கழுத்திலிருந்து கீழே தேய்க்கத் தொடங்கியது. வாயும் சும்மா இருக்கவில்லை. "கையைத் தூக்குங்கள் சின்யோரா, அப்படித்தான், நல்ல பிள்ளை" என்று தினமும் சொல்கிற இத்தாலியப் பேச்சை அப்படியே சொன்னது. அந்த மனுசியும் மொழி புரியாமலே கையைத் தூக்கிவிட்டாள்!

அக்குளுக்கு வந்தபோதுதான் மாக்கிரட்டுக்குப் புத்தி வந்தது. தேய்ப்பது யாரோ ஒருத்தியின் முதுகு. கேட்கவில்லை, சொல்லவில்லை. பேச்சுச் சத்தமெல்லாம் நின்றுபோய் எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். உடம்பில் துணியில்லை, கையில் பிறத்தியாள் துவாய், முகத்தை வைக்க இடமில்லை. "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்று தனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் சொன்னாள். ஒன்றும் அந்த ஊர் மொழியில்லை.

ஜப்பான்காரி திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி திரும்பி, இடது தோள்பட்டைக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினாள், அங்கே இன்னும் தேய்க்கவில்லை என்று.

மாக்கிரட் தேய்த்து முடித்து, தண்ணீர் ஊற்றி, துவாயைப் பிழிந்து கொடுத்தாள். மனுசி அதை வாங்கி, சவர்க்காரம் போட்டு, மாக்கிரட்டின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"வேண்டாம், வேண்டாம்," என்று மாக்கிரட் எழும்பப் பார்த்தாள்.

"இரு," என்றாள் கிழவி தொட்டிக்குள்ளிருந்து. "அவள் செய்யட்டும்."

கழுத்திலிருந்து இடுப்புவரை அந்தக் கை மெதுவாய்ப் போனது. அவசரமில்லை. எங்கே நோகும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மாக்கிரட் முகத்தைக் குனிந்துகொண்டு அழுதாள். கவலையா சந்தோசமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இருபத்து நாலு வருடத்தில் தன்னை ஒருவர் குளிக்கவார்த்தது இதுதான் முதல்தடவை, அதுதான் அவளுக்குத் தெரிந்தது. மனுசி குடும்பம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடித்துவிட்டுத் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, குனிந்து வணங்கிப் போய்விட்டாள்.

மாக்கிரட் தொட்டிக்குள் இறங்கிக் கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழவி அந்த மனுசி போன பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"மார்கெரித்தா, வீட்டில் உனக்கு யார் தேய்க்கிறார்கள்?"

"ஒருவருமில்லை, சின்யோரா."

"ம்," என்றாள் கிழவி.

பலேர்மோவுக்குத் திரும்பியதும் கத்தரீனா படம் பார்க்க ஓடிவந்தாள். ஏரி, சிலை, புகை, கறுத்த முட்டை எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"மாக்கிரட் அக்கா, எல்லாம் வடிவா இருக்கு. உங்களைத்தான் ஒண்டிலையும் காணேல்லை."

"நான்தானே எடுத்தனான்," என்றாள் மாக்கிரட். றோபேட் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனான். அவனிடமும் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

நவம்பர் இரண்டாம் கிழமை றம்யா போன் எடுத்தாள். "அம்மா, வியாழக்கிழமைக்கு முன்னம் வாங்கோ. டொக்டர் இனிப் பொறுக்கமாட்டுதெண்டு சொல்லீட்டா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"பயப்பிடாதை. நான் வாறன்."

காலையில் நின்ஃபா முத்தம் கொடுக்க வந்தபோது மாக்கிரட் சமையலறையில் கோப்பி கொடுத்து விசயத்தைச் சொன்னாள். புதன்கிழமையிலிருந்து இரண்டு கிழமை.

நின்ஃபா கோப்பியைக் கலக்கினாள். பாருங்கள், எவ்வளவு அன்பான சிரிப்பு! "ஆனால் மார்கெரித்தா, உன் லீவைத்தான் நீ எடுத்துவிட்டாயே? பத்து நாள். ஜப்பானில்!"

ஏற்றமெல்லாம் தள்ளிய கதிரை, துடைத்த கால்விரல், உரித்த முட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் மாக்கிரட்டின் நினைவுக்கு வந்தன.

"ஜப்பானில் உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டியது யார்?"

"நீதான். அதற்கென்ன? அதை நீ வேலையாகவா செய்தாய்? குடும்பத்தில் ஒருத்தியாகத்தானே செய்தாய்?"

"குடும்பத்தில் ஒருத்தியாக."

"நிச்சயமாக!"

மாக்கிரட் குளியலறைக்குப் போனாள். இந்த வேலை போனால் ஐம்பத்தாறு வயதில் யார் எடுப்பார்கள் என்ற பயமும் கூடவே வந்தது. ஆனாலும் கிழவியின் தேய்ப்புப் பஞ்சு, சவர்க்காரம், மஞ்சள் வாளி மூன்றையும் கொண்டுவந்து நின்ஃபாவின் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள்.

"சின்யோரா நின்ஃபா, எங்கள் குடும்பங்களில் முறை வைத்துத்தான் பார்ப்போம். பத்தொன்பது வருடம் என் முறை. இந்த இரண்டு கிழமை உங்கள் முறை. காதுக்குப் பின்னால் மறக்கவேண்டாம்."

நின்ஃபா வாயைத் திறந்தாள். வார்த்தை வரமுன் உள் அறையிலிருந்து கிழவியின் குரல் வந்தது.

"நின்ஃபா! முதலில் அந்த மோதிரங்களைக் கழற்று. முதுகைக் கீறும்."

புதன்கிழமை நீலப் பெட்டி பொலோஞ்ஞாவுக்கு ரயில் ஏறியது. வழி முழுக்க மாக்கிரட் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலையிலிருந்து நிற்பாட்டியதாய்ச் செய்தி வரும் என்று பயந்தாள், வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிய றம்யாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

தாயும் பிள்ளையும் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் மாக்கிரட் பெரிய பானையில், காயவைத்துக் கொண்டுவந்த வேப்பிலையும் நொச்சியும் தோடை இலையும் போட்டு அவித்து, றம்யாவைக் குளியலறையில் முக்காலியில் உட்காரவைத்து, இடுப்பில் சுடுதண்ணி வார்த்தாள். பிள்ளை பக்கத்து அறையில் தகப்பன் மடியில் நித்திரை. வாசலில் வைத்த போன் கிணுங்கியது. நின்ஃபாவின் குரற்செய்தி. ஈரக் கையால் அமத்திக் கேட்டாள். இத்தாலியப் பேச்சு வேகவேகமாய் ஓடியது, நடுவில் பெருமூச்சு, பின்னால் கிழவி யாரையோ கோழி என்று திட்டுகிற சத்தம். கடைசியில், "எப்போது வருகிறாய், மார்கெரித்தா?"

"என்னம்மா சொல்லுறா?" என்று கேட்டாள் றம்யா.

"முதுகு நோகுதாம்."

"ஆருக்கு? கிழவிக்கோ?"

"இல்லை, மகளுக்கு," என்றாள் மாக்கிரட். "குனி பிள்ளை, தண்ணி ஆறுது."